மருந்தை முறிக்கும் மருந்து

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் ஞாபகம் வரும். ஆனால் ஊரைச் சுற்றி இருப்பது முந்திரியும் நெல்லும். அங்கே பூச்சிக்கொல்லிக்குப் பெயர் "மருந்து". வயலுக்கு மருந்து அடிப்பார்கள். யாராவது குடித்துவிட்டால் "மருந்து குடிச்சிட்டாங்க" என்பார்கள். ஆஸ்பத்திரியில் அதை முறிக்கக் கொடுப்பதும் மருந்துதான்! இந்த முறிவுக்கு ஒரு பழைய கதை உண்டு.

நம் உடம்பே எதிரெதிர் வேலைகளால் நடக்கிறது. கையை மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை. கண்மணியைச் சுருக்க ஒன்று, விரிக்க ஒன்று. சுருங்கச் சொல்லும் ரசாயனத் தூது அசிட்டைல்கோலின். ஊமத்தையில் உள்ள அட்ரோபின் அந்தத் தூதை மறிக்கும். கண்மணி விரியும், வாய் உலரும், புத்தி தடுமாறும். 19-ஆம் நூற்றாண்டு வழிப்பறிக்காரர்கள் ஊமத்தை விதையைச் சோற்றில் கலந்து பயணிகளை மயக்கினார்கள்.

இதற்கு நேர் எதிரி, மேற்கு ஆப்பிரிக்காவின் காலபார் அவரை. 1864-ல் பிராக் நகர மருத்துவர் கிளைன்வாக்டர், அட்ரோபினைக் குடித்துவிட்ட கைதிகளுக்கு இதன் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். 1872-ல் எடின்பரோவின் தாமஸ் ஃப்ரேசர், எந்த அளவு வரை ஒன்று மற்றதை முறிக்கும் என்று விலங்குகளில் சோதித்துக் கணக்கே போட்டார்.

1930-களில் ஜெர்மனியின் கெர்ஹார்ட் ஷ்ராடர் உருவாக்கிய ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகளும் காலபார் அவரையின் வேலையையே செய்தன, இன்னும் விடாப்பிடியாக. அசிட்டைல்கோலின் அழியாமல் தேங்கும். கண்மணி ஊசிமுனையாகும், எச்சில் வழியும், நுரையீரலில் நீர் கோக்கும். இப்போது ஊமத்தையின் அட்ரோபினே உயிர் காக்கும் ஊசி!

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அட்ரோபின் நுரையீரலை உலர்த்தும். சோர்ந்துபோன மூச்சுத் தசைகளை எழுப்பாது. அதற்கு வென்டிலேட்டர்தான். அளவு கூடினாலோ, ஊமத்தை தின்றவர் போல நோயாளி பிதற்றுவார். துணை மருந்தான பிராலிடாக்சிமை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1990-களில் சோதித்தார்கள், பலன் தெரியவில்லை. 2006-ல் மகாராஷ்டிராவின் பாராமதியில் நடந்த ஆய்வு பலன் உண்டு என்றது. 2009-ல் வெளியான இலங்கை ஆய்வு மறுபடி இல்லை என்றது.

முறிமருந்தை மட்டும் நம்பி இருக்கவில்லை இலங்கை. 1995-ல் மோனோகுரோட்டோபாஸ் போன்ற கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அங்கே தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. குடித்தபின் முறிப்பதை விட, கைக்கு எட்டாமல் வைப்பது அதிக உயிர்களைக் காத்திருக்கிறது.