பெட்ரோல் விலையின் வட்டார வேறுபாடு: தருமபுரி மாவட்டம்

தருமபுரி மாவட்டத்தில் பெட்ரோலும் டீசலும் சென்னையைக் காட்டிலும் வழக்கமாகச் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்பதும், மாவட்டத்துக்குள்ளேயே பெட்ரோல் பங்குக்குப் பங்கு விலை வேறுபடுவதும் எண்ணெய் நிறுவனங்களின் விலைக் கணக்கீட்டாலும் மாநில வரி அமைப்பாலும் விளைபவை. பெட்ரோல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலை மீதானது 2014 அக்டோபரிலும் நீங்கின. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் காலை 6 மணிக்கு விலையை மாற்றும் முறை நாடெங்கும் வந்தது. ஆயினும் 2022 மே முதல் 2024 மார்ச் வரை விலை ஏறத்தாழ அசையாமலே நின்றதால், அக்காலத்தில் அது பெயரளவிலேயே நாள் விலையாக இருந்தது.

பங்கில் செலுத்தப்படும் தொகையில் எண்ணெயின் அடிப்படை விலை, கிடங்கிலிருந்து டேங்கர் லாரியில் கொண்டுவரும் கட்டணம், நடுவண் அரசின் கலால் வரி, விற்பனையாளர் கழிவு, மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி ஆகியவை அடங்கும். இவற்றுள் கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு என்று நாடு முழுவதும் ஒன்றாக இருக்க, ஊருக்கு ஊர் மாறுவது முதன்மையாகப் போக்குவரத்துக் கட்டணமே. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்ட பின் பெட்ரோலுக்கான வரி 13 விழுக்காட்டுடன் 11 ரூபாய் 52 காசு என்றானது. இதில் விழுக்காட்டுப் பகுதி போக்குவரத்துக் கட்டணத்தின் மீதும் விதிக்கப்படுவதால், தொலைவுக்குக் கூலி கொடுப்பவர் அக்கூலிக்கு வரியும் கொடுக்கிறார். நேர்மை பற்றிய வினா பெரிதும் இங்கேதான் எழுகிறது.

மாநில எல்லை இவ்வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. 2024 ஜூன் நடுப்பகுதி வரை பெங்களூரில் டீசல் சென்னையைவிட லிட்டருக்கு 6 ரூபாய்க்கு மேல் மலிவாக இருந்தமையால், சேலம் – தருமபுரி – ஓசூர் நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளுக்கு எல்லை தாண்டி டேங்கை நிரப்பிக்கொள்வது ஆதாயமாக இருந்தது. எல்லைக்கு இப்பாலுள்ள பங்குகளுக்கு அது இழப்பு. அம்மாதம் கர்நாடகம் தன் விற்பனை வரியை உயர்த்தியதும், பெங்களூரில் பெட்ரோல் விலை சென்னை விலையைத் தாண்டியது. டீசலில் இடைவெளி சுருங்கியது.

தொலைவின் சுமையை எல்லோரும் பகிர வேண்டுமா என்பதற்கு எளிய விடை இல்லை. 1952 முதல் நிலக்கரி, எஃகு முதலியவற்றுக்கு நாடு முழுவதும் சரக்குக் கட்டணம் சமன் செய்யப்பட்டபோது, கனிமம் மிகுந்த பீகார் தன் இயற்கைச் சாதகத்தை இழந்தது. ஆனால் எரிபொருளுக்கு மாற்று ஏதுமில்லாத அரூர், பென்னாகரம் போன்ற வட்டங்களின் உழவருக்கும் இருசக்கர வாகனம் ஓட்டுவோருக்கும் சமன் செய்வதற்கு எதிரான அவ்வாதம் முழுமையாகப் பொருந்தாது.

697 கிலோமீட்டர் நீளமுள்ள விஜயவாடா – தருமபுரி எண்ணெய்க் குழாய்வழி 2024 ஜனவரி 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. லாரி கடக்கும் தொலைவை அது குறைத்தாலும், குழாய்வழிக்கும் கட்டணம் உண்டு. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் பொதுத்துறை நிறுவனங்கள் மாநிலத்துக்குள்ளான போக்குவரத்துக் கட்டணத்தைச் சீரமைத்து, கிடங்குக்குத் தொலைவிலுள்ள இடங்களில் விலையைக் குறைத்தன. மாநிலத்துக்கு மாநிலம் மாறும் வரியோ தொடர்கிறது: 2017 ஜூலையில் வந்த சரக்கு மற்றும் சேவை வரிக்குள் பெட்ரோல் சேர்க்கப்படவில்லை. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய அவ்வரி மன்றமும் அதற்கான காலம் வரவில்லை என்றே முடிவு செய்தது.