இணைப் பூனைகள்: சயாமில் குட்டி தேர்ந்த மரபு

இன்று தாய்லாந்து எனப்படும் சயாமின் வடகிழக்குப் பீடபூமியில், பேச்சு வழக்கில் கோராத் என்று சுருங்கிவிட்ட நாகோன் ராட்சசிமா வட்டாரத்தில், நல்ல இலக்கணம் அமைந்த பூனைக்குட்டியை விலைக்கு விற்பது வழக்கமாக இருக்கவில்லை. மதிப்புக்குரியவருக்கு மனமுவந்து அளிக்கும் கொடையாகவே அது கைமாறியது. அக்கொடைகளுள் தலையாயது மணமகளுக்குத் தரப்பட்ட சாம்பல் நிறப் பூனைகளாகும். அவை தனித்தனியே தரப்படாமல் கடுவனும் பெட்டையுமாக இணை சேர்த்தே தரப்பட்டன என்பதுதான் இம்மரபில் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. அவற்றின் வெள்ளி மின்னும் மயிர் செல்வத்தையும், மழைமுகில் போன்ற உடல்நிறம் மழையையும், இளம் நெற்பயிர் போன்ற கண்ணின் பச்சை விளைச்சலையும் வீட்டுக்குள் அழைத்து வரும் என்று வானம் பார்த்த பூமியில் உழுது வாழ்ந்த அம்மக்கள் நம்பினர். மழை பொய்த்த ஆண்டுகளில் பெட்டைப் பூனையைக் கூடையில் வைத்து ஊர்வலமாகத் தூக்கிச் சென்று, வீடுதோறும் அதன்மேல் நீர் தெளிக்கும் 'ஹே நாங் மேவ்' என்னும் மழைச் சடங்கும் அந்நாட்டில் உண்டு.

இச்சாம்பல் பூனைக்கு அங்கே வழங்கும் பெயர் 'சீ சவாத்' என்பதாகும். 'சீ' என்றால் நிறம். 'சவாத்' என்பது ஒரு முட்கொடி. தமிழர் கழற்சி என்று அழைப்பதும், பழங்காலப் பெண்கள் கழங்காடிய காயைத் தந்ததும் அதே கொடிதான். கழற்சிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இப்பூனையின் நிறத்தை வேறு சொற்களால் விளக்க வேண்டியதில்லை: ஈயத்தைத் தேய்த்து மெருகேற்றியது போன்ற, சிறிதே பசுமை கலந்த அந்தச் சாம்பல் பளபளப்பே பூனையின் மேனியிலும் இருக்கிறது. தாய் மொழியில் எழுத்து வேறாயினும் ஒலி ஒன்றாகவே உள்ள மற்றொரு 'சவாத்' அன்பு, காதல் என்னும் பொருளைத் தருகிறது. திருமண வீட்டுக்கு இப்பூனை பொருத்தமான பரிசாகத் தோன்றியதில் இந்த ஒலியொப்புக்கும் பங்கு உண்டு என்று கொள்வது தவறாகாது.

பூனையின் நன்மை தீமைகளை வகுத்துரைக்கும் சயாமிய நூல்கள் 'தம்ரா மேவ்', அதாவது பூனைச் சுவடி, என்று பொதுவாக வழங்கும். இவற்றின் மரபு அயுத்தயா அரசின் காலத்தது (1351–1767) என்று கருதப்படினும், இன்று கிடைக்கும் படிகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோய் என்னும் மரத்தின் பட்டையிலிருந்து செய்த தாளை விசிறிபோல் மடித்து, அதில் வண்ணப் படமும் செய்யுளுமாக இவற்றை எழுதினர்; திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரமாக விளங்கும் பராய் மரமே அந்தக் கோய். சுவடிகள் 17 வகைப் பூனைகளை நற்பேறு தருவனவாகவும் 6 வகைகளை ஆகாதனவாகவும் வகுக்கின்றன. மாடு வாங்கப் போகும் தமிழ் உழவர் சுழி பார்ப்பதை ஒத்த செயல்தான் இது என்றாலும், விலக்கப்பட்ட வகைகளின் பட்டியல் வெறும் நம்பிக்கையாக மட்டும் நின்றுவிடவில்லை. தான் ஈன்ற குட்டியைத் தானே தின்னும் பூனையும், குட்டிகள் இறந்தே பிறக்கும் பூனையும், மனிதரைக் கண்டு இருட்டில் பதுங்கும் பூனையும் அப்பட்டியலில் உள்ளன. வழிவழியாகப் பெருக வேண்டிய இணைக்கு இத்தகைய தாயின் குட்டியை எடுக்காதே என்ற நெடுநாள் பட்டறிவே அங்கே சகுனத்தின் மொழியில் பேசுகிறது.

குட்டியைத் தேர்வதில் இன்னொரு இடர் இருந்தது. சுவடி வரைந்து காட்டுவது வளர்ந்த பூனையை, தேர்பவர் கையிலெடுப்பதோ சில வாரக் குட்டியை. முகமும் காதும் காலும் வாலும் கறுத்து, உடல் வெளுத்திருக்கும் 'விச்சியன் மாத்' என்னும் வகையே பின்னர் உலகெங்கும் சயாமியப் பூனை என்று பெயர் பெற்றது. அதன் குட்டிகள் பிறக்கும்போது ஒரு கறுப்புப் புள்ளியும் இல்லாத தூய வெள்ளையாக இருக்கும். மயிருக்குக் கருநிறம் ஊட்டும் நொதி, அதாவது உடலுக்குள் வேதிமாற்றத்தை நடத்தும் புரதம், இவ்வகையில் வெப்பம் தாங்காததாக அமைந்து, உடலின் இயல்பான சூட்டில் செயலற்றுப் போகிறது. ஆகவே தாயின் வயிற்றுக் கதகதப்பில் முழு வெள்ளையாக உருவான குட்டி, வெளியுலகின் குளிர்ச்சி முதலில் தாக்கும் காது மடலிலும் மூக்கிலும் வால் நுனியிலும் நாளடைவில் கறுக்கத் தொடங்குகிறது. சீ சவாத் குட்டியோ நீலக் கண்ணோடு பிறந்து, பின்பு பொன்மஞ்சள் கண்ணாகி, இரண்டு முதல் நான்கு வயதுக்குள்தான் நெற்பயிரின் பச்சையை அடைகிறது. ஆகவே குட்டியை மட்டும் பார்த்துத் தேர்பவர் ஏமாறக்கூடும். ஈன்ற தாயையும், இயன்றால் தந்தையையும் பார்த்தவரே சரியாகத் தேர முடியும்.

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை ஒன்றாக வளர்ப்பதன் பயனை இக்கால ஆய்வும் உறுதிசெய்கிறது. பிறந்த 2ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 7ஆம் வாரம் வரை குட்டி எதனோடு பழகுகிறதோ அதையே உறவாக ஏற்கிறது. கடியின் அளவையும் நகத்தை உள்ளிழுக்கும் அடக்கத்தையும் அது உடன்பிறப்போடு புரண்டு விளையாடியே கற்கிறது.

இணை என்பதன் உண்மையான மதிப்பு, இப்பூனைகள் கடல் கடந்தபோதுதான் வெளிப்பட்டது. 1878 நவம்பரில் பாங்காக்கிலிருந்த அமெரிக்கத் தூதரக அலுவலர் டேவிட் சிக்கல்ஸ், குடியரசுத் தலைவர் ரதர்ஃபோர்டு ஹேசின் மனைவி லூசிக்கு ஒரு பெட்டைப் பூனையை அனுப்பினார். ஹாங்காங், சான் பிரான்சிஸ்கோ வழியாக வெள்ளை மாளிகையை அடைந்த அப்பூனை, மருத்துவர் பார்த்தும் பயனின்றி 1879 அக்டோபரில் வழித்தோன்றல் எதுவும் இல்லாமல் இறந்தது. இங்கிலாந்துக்குப் போனவற்றின் கதை வேறு. 1884-இல் பாங்காக்கின் பிரித்தானியத் தூதரக அதிகாரி ஓவன் கூல்டு தம் சகோதரி லிலியன் வேலிக்குக் கொண்டுசென்றது போ, மியா என்ற கடுவனையும் பெட்டையையும். தாய் மொழியில் முன்னது தந்தை என்றும் பின்னது மனைவி என்றும் பொருள்படும். அவ்விணை ஈன்ற குட்டிகள் 1885-ஆம் ஆண்டுப் பூனைக் கண்காட்சியில் இடம்பெற்றன. 1901-இல் தோன்றிய சயாமியப் பூனைக் கழகத்தை நிறுவியோருள் வேலியும் ஒருவரானார்.

1930-இல் பர்மாவிலிருந்து மருத்துவர் ஜோசப் தாம்சன் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுசென்ற வோங் மாவ் என்னும் பழுப்புப் பெட்டைக்கு, தன் இனத்துக் கடுவன் அந்நாட்டில் எங்கும் கிடைக்கவில்லை. வேறு வழியின்றி ஒரு சயாமியக் கடுவனோடும், பின்னர் அவ்வழி பிறந்த மகனோடும் அதைச் சேர்த்துத்தான் பர்மியப் பூனை என்னும் இனத்தை உருவாக்க நேர்ந்தது. வோங் மாவே இரண்டு வகைகளின் கலப்பு என்பதும் அக்குட்டிகளின் நிறங்களைக் கொண்டே தெளிவாயிற்று.

சயாமிய அரசவையிலும் பூனைக்கு இடம் உண்டு. புதிய மன்னர் அரண்மனையில் குடிபுகும் சடங்கில் அம்மிக்கல், பூசணி, தானிய விதைகள் ஆகியவற்றோடு ஒரு பூனையையும் ஏந்திச் செல்கின்றனர். 2019 மே மாதம் நடந்த முடிசூட்டு விழாவிலும் இது நிகழ்ந்தது. சடங்குமொழியில் பூனையைக் குறிக்கும் 'விலா' என்ற சொல் வடமொழி 'விடால'த்தின் திரிபாகும்.

சீ சவாத் இனம் கோராத் என்ற பெயரில் மேலைநாட்டில் வேரூன்றியது 1959 ஜூன் 12 அன்று. அன்று ஜீன் ஜான்சன் என்னும் அமெரிக்கப் பெண்மணியிடம் பாங்காக்கிலிருந்து நாரா, தாரா என்ற உடன்பிறந்த இணை வந்து சேர்ந்தது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகினால் உடல் நலியும் என்பதால், பிறகு வேறு பூனைகளும் தாய்லாந்திலிருந்து தருவிக்கப்பட்டன. ஆனால் வேறு இனத்தின் கலப்புக்கு மட்டும் வளர்ப்போர் இடந்தரவில்லை. கோராத் என்று பதிவுபெறும் ஒவ்வொரு பூனைக்கும் தாய்வழியும் தந்தைவழியும் தாய்லாந்து மண்ணில் சென்று முடிய வேண்டும் என்பது இன்றும் அவ்வினத்தின் விதி.