'நல்' பிழை (வலை நிரலாக்கம்)

வலைப்பக்கத்தில் கிடைக்காத ஓர் உறுப்பை ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தேடும்போது 'நல்' என்ற வெற்று விடை வரும். அந்த விடையையே உறுப்பாக எண்ணி நிரல் மேற்கொண்டு கையாளும்போது எழுவது 'நல்' பிழை. அது எழுந்த இடத்திலேயே நிரலின் ஓட்டம் நின்றுவிடுவதால், அதற்குப் பின்னுள்ள பட்டி, படிவம், படக்காட்சி ஆகியவையும் செயலிழக்கக்கூடும்.

வரலாறு

'நல்' என்னும் வெற்றுச் சுட்டை 1965இல் அல்கால் டபிள்யூ நிரல்மொழிக்காக வடிவமைத்தவர் டோனி ஹோர். 1934இல் கொழும்பில் பிறந்த இவர், செய்வதற்கு எளிதாக இருந்ததால் அதைச் சேர்த்ததாகவும், அது தமது 'நூறு கோடி டாலர் தவறு' என்றும் 2009இல் லண்டன் மாநாடொன்றில் கூறினார். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டிலும் 'நல்' இடம்பெற்றது. உறுப்பின் அடையாளப்பெயரான ஐடியைக் கொண்டு தேடும் 'கெட்எலிமென்ட்பைஐடி', சிஎஸ்எஸ் தேர்வியைக் கொண்டு தேடும் 'குவெரிசெலக்டர்' ஆகிய இரண்டும், தேடியது கிடைக்காவிட்டால் 'நல்' தருகின்றன.

காரணங்கள்

உலாவி பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிப்பதால், தலைப்பகுதியில் உள்ள நிரல் ஓடும்போது உடற்பகுதி உறுப்புகள் இன்னும் உருவாகியிருப்பதில்லை. ஐடியில் எழுத்துப்பிழை, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு, ஐடிக்கு முன் தேவையின்றி இட்ட ஹேஷ் குறி ஆகியவையும் காரணமாகலாம். மும்மொழித் தளத்தில் ஒரே நிரற்கோப்பை எல்லாப் பக்கங்களுக்கும் இணைத்து, தமிழ்ப் பக்கத்தில் மட்டும் ஒரு பொத்தானை விட்டுவிட்டால், பிழை தமிழ்ப் பக்கத்தில் மட்டுமே தோன்றும்.

நிரலகங்களின் போக்கு

2005இல் வந்த புரோட்டோடைப் நிரலகத்தில் டாலர் குறி ஐடியைத் தேடும். கிடைக்காவிட்டால் 'நல்' தரும். 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரியில் அதே குறி சிஎஸ்எஸ் தேர்வியை ஏற்று, எதுவும் கிடைக்காதபோது வெற்றுத் தொகுப்பைத் தரும். அதனால் பிழைச்செய்தி வராது, வேலையும் நடக்காது. இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து, புரோட்டோடைப் பின்னால் ஏற்றப்பட்டால், ஜேகுவெரிக்காக எழுதிய தேடலைப் புரோட்டோடைப் வாங்கிக்கொண்டு ஹேஷ் குறியோடு கூடிய ஐடியைத் தேடி 'நல்' தரும். இதற்குத் தீர்வாக ஜேகுவெரியில் 'நோகான்ஃபிளிக்ட்' வசதி உண்டு. ரியாக்ட் நிரலகத்தில், உறுப்பு பக்கத்தில் பொருத்தப்படும் வரை அதைச் சுட்டும் 'ரெஃப்' பொதுவாக 'நல்' ஆகவே இருக்கும்.

தமிழ் ஐடிகள்

திருகோணமலை மாவட்டத்தின் தெற்கே உள்ள வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்கு ஒரு பக்கம் அமைத்து, ஓர் உறுப்புக்கு 'கொடியேற்றம்' என ஐடி இடுவதாகக் கொள்வோம். யூனிகோடில் 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக்குறி சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நீளம் கேட்டால் முதலாவது 11, இரண்டாவது 12. பக்கத்தில் ஒன்றும் நிரலில் மற்றொன்றும் இருந்தால் விடை 'நல்'. உலாவி தானாக இவற்றைச் சமப்படுத்துவதில்லை. இரு இடங்களிலும் ஒரே வடிவத்தைப் பேண வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் 'நார்மலைஸ்' இதற்கு உதவும்.

கண்டறிதல்

செய்தி காட்டும் வரியில் பெரும்பாலும் 'நல்' பயன்பட்டிருக்கும். அது பிறந்த இடம் அதற்கு முந்தைய தேடலில் இருக்கும். ஆகவே மாறி எங்கே மதிப்புப் பெற்றது என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். பக்கம் முழுதும் ஏறிய பின் அதே தேடலைக் கன்சோலில் இட்டால் காரணம் பெரும்பாலும் பிரிந்துவிடும்: இப்போது உறுப்பு கிடைத்தால் சிக்கல் நேரத்தில், இப்போதும் 'நல்' வந்தால் பெயரிலோ, உறுப்பே இல்லாததிலோ.

தவிர்த்தல்

வெளிக்கோப்பு நிரலுக்கு 'டிஃபர்' பண்பை இடுவதும், 'டாம்கன்டென்ட்லோடெட்' நிகழ்வுக்குக் காத்திருப்பதும் நேரச் சிக்கலைத் தீர்க்கும். உறுப்பு கிடைத்ததா என்று அறிய 'டைப்ஆஃப்' சோதனை போதாது. 'நல்'லுக்கும் அது 'ஆப்ஜெக்ட்' என்றே சொல்லும். 2016இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் 2.0, 'நல்' வரக்கூடிய இடங்களைத் தொகுக்கும்போதே எச்சரிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. 2020இல் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் சேர்ந்த, கேள்விக்குறியும் புள்ளியும் இணைந்த குறி, உறுப்பு இல்லாதபோது பிழையின்றிக் கடந்துசெல்லும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற உறுப்புக்கே அது பொருந்தும். கட்டாயம் இருக்க வேண்டிய உறுப்புக்கு அதை இட்டால் பிழைச்செய்தி மட்டுமே மறையும், கோளாறு நீடிக்கும்.