தோளில் சுமந்த பையும் திறந்த கல்விக் கதவும்



‘சம்பாதித்துக் காசைப் பார்த்துவிட்ட பிள்ளைக்குப் படிப்பில் மனம் நிற்காது’ என்று நம்மில் பலரும் கூறுவதுண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், சிறுவர்களைப் பள்ளியிலிருந்து வெளியே இழுத்த ஒரு வேலையே பின்னாளில் அவர்களைப் பல்கலைக்கழகத்தில் கொண்டு சேர்த்த வரலாறும் உண்டு. அமெரிக்காவில் நிகழ்ந்த அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

கோல்ஃப் ஆட்டக்காரரின் பையைச் சுமந்து உடன் நடப்பவரை ஆங்கிலத்தில் ‘கேடி’ என்பர். நம் வழக்கில் அச்சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதால், ‘பை தூக்குபவர்’ என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். இவ்வேலை வெறும் சுமை தூக்கும் வேலை அன்று. 18 குழிகள் கொண்ட திடலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடக்க வேண்டும். பந்து விழுந்த இடத்தைக் கண்டறிய வேண்டும். தொலைவைக் கணித்துச் சொல்ல வேண்டும். மட்டைகளைத் துடைத்துத் தர வேண்டும். மணற்பள்ளத்தைச் சமன்படுத்த வேண்டும். ஆட்டக்காரர் பந்தை அடிக்கும் வேளையில் அசையாமல், பேசாமல் நிற்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வேலையைச் செய்தவர்களுள் பெரும்பாலோர் ஏழை வீட்டுச் சிறுவர்கள். 1913-ஆம் ஆண்டு பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள புரூக்ளைனில் அமெரிக்கப் பொதுப்போட்டி நடைபெற்றது. ஒரு காலத்தில் அதே திடலில் பை தூக்கிய 20 வயது இளைஞர் பிரான்சிஸ் விமெட், இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான ஹேரி வார்டன், டெட் ரே ஆகிய இருவரையும் வென்று உலகை வியக்க வைத்தார். அவருக்குப் பை தூக்கிய எடி லோவரிக்கு வயது 10. அவன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டே அங்கு வந்திருந்தான். வெற்றிக் கதையை வியந்து கூறுவோர் பலர். ஆயினும், அந்நாளில் வகுப்பறையில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததை ஆசிரியராகிய நாம் மறக்க இயலுமா?

இந்நிலையை மாற்ற வித்திட்டவரும் ஒரு முன்னாள் பை தூக்கும் சிறுவரே. சார்ல்ஸ் ‘சிக்’ எவன்ஸ் என்பவர் 1890-ஆம் ஆண்டு பிறந்தவர். சிகாகோவின் எட்ஜ்வாட்டர் மன்றத்தில் எட்டு வயதில் பை தூக்கத் தொடங்கினார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும், பொருள் வசதியின்மையால் படிப்பை இடையிலேயே கைவிட்டார். பின்னர் 1916-ஆம் ஆண்டு, அமெரிக்கப் பொதுப்போட்டியையும் தொழில்முறை சாராதோர் போட்டியையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் மனிதரானார்.

புகழ் வந்ததும் பணமும் வந்தது. கோல்ஃப் பயிற்சியை விளக்கி அவர் பேசிய இசைத்தட்டுகள் விற்பனையாயின. அப்பணத்தைத் தமக்கென எடுத்துக்கொண்டால் அவர் தொழில்முறை ஆட்டக்காரராகக் கருதப்படுவார். அவ்வேளையில் அவருடைய தாயார் ஒரு வழி கூறினார்: பை தூக்கும் சிறுவர்களின் கல்விக்கு அப்பணத்தை நிதியாக வைக்கலாம் என்பதே அது. தாம் முடிக்க இயலாத படிப்பைப் பிறர் முடிக்கட்டும் என்று மகனும் இசைந்தார்.

1899-ஆம் ஆண்டு தோன்றிய மேற்கத்திய கோல்ஃப் சங்கம் நிதியை நடத்தும் பொறுப்பை ஏற்றது. பொருளாதார வீழ்ச்சி நாட்டையே வாட்டிய 1930-ஆம் ஆண்டு, முதல் இரண்டு மாணவர்கள் நார்த்வெஸ்டர்னில் சேர்ந்தனர். எவன்ஸ் விட்டு வந்த அதே பல்கலைக்கழகம்! இன்று அத்திட்டத்தில் பட்டம் பெற்றோர் 12,000-க்கும் மேற்பட்டோர்.

இத்திட்டத்தின் விதிகளைக் கூர்ந்து நோக்குங்கள். கோல்ஃப் ஆடும் திறன் கேட்கப்படுவதில்லை. பை தூக்கும் பணியில் நற்பதிவு, நல்ல தேர்ச்சி, குடும்பத்தின் பொருள் தேவை, நன்னடத்தை ஆகிய நான்குமே பார்க்கப்படுகின்றன. தேர்வு பெற்றோருக்குக் கல்விக் கட்டணத்தோடு தங்குமிடமும் கிடைக்கிறது. வேலைக்குச் செல்ல விரும்பும் சிறுவன் படிப்பை விட முடியாது. விட்டால் வாய்ப்பும் போய்விடும். 1913-இல் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற பள்ளியும் திடலும் இவ்வாறு ஒரே பாதையில் இணைந்தன.

குறைகளும் இல்லாமல் இல்லை. பை தூக்கிய அனைவருக்கும் உதவித்தொகை கிடைத்துவிடவில்லை. 1950-களுக்குப் பின் கோல்ஃப் வண்டிகள் பெருகவே, பல மன்றங்களில் இவ்வேலையே அருகியது. நெடுங்காலம் சிறுவர்களுக்கே உரியதாக இருந்த இப்பணியில் பெண் பிள்ளைகளையும் ஈர்க்க, 2012-ஆம் ஆண்டு தனிப் பயிற்சித் திட்டமொன்று தொடங்கப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? வேலை பிள்ளையைக் கெடுப்பதுமில்லை; தானாக உயர்த்துவதுமில்லை. அவ்வேலையைச் சுற்றிப் பெரியவர்கள் அமைக்கும் ஒழுங்கே அதனை முடிவு செய்கிறது. பத்து வயது எடியிடம் இருந்த சுறுசுறுப்பும் பொறுப்பும் நம் வகுப்புப் பிள்ளைகளிடமும் உண்டு. விடுமுறையில் அவர்கள் கடையில் நின்றாலும், தந்தைக்குத் துணையாகச் சென்றாலும், ‘எவ்வளவு கிடைத்தது?’ என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், ‘என்ன கற்றுக்கொண்டாய்?’ என்றும் கேட்போம். பள்ளி திறக்கும் நாளில் அவர்கள் நாற்காலி காலியாக இல்லாதபடி பார்த்துக்கொள்வோம்.

ஒரு தாய் சொன்ன ஒரு சொல், ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்குக் கல்விக் கதவைத் திறந்தது. பெற்றோரே, உங்கள் சொல்லுக்கும் அவ்வாற்றல் உண்டு.