பெயரும் பத்தியமும்: பண்டைய யூத வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன்னர், என் நீரிழிவு நோய்க்கு மாத்திரையோடு ஓர் உணவுப் பட்டியலையும் வைத்தியர் எழுதித் தந்தார். சோற்றைக் குறைக்க வேண்டும். இனிப்பை விலக்க வேண்டும். பயறு, கீரை வகைகளைக் கூட்ட வேண்டும். ஐம்பதைத் தாண்டியவனுக்கு மாத்திரையை விழுங்குவது எளிது. பழகிய உணவை மாற்றுவது எளிதன்று. அந்தப் பட்டியலைப் பார்த்தபோது, விவிலியத்தில் உள்ள தானியேல் நூலின் முதலாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. பெயரும் உணவும் ஒருங்கே பேசப்படும் பகுதி அது.

பண்டைய யூதரிடையே பெயர் என்பது ஆளைச் சுட்டும் குறி மட்டுமன்று. பல வேளைகளில் அது ஒரு முழு வாக்கியம். ‘ஏல்’ என்றும் ‘யா’ என்றும் முடியும் பெயர்கள் பலவற்றில் இறைவனின் பெயரே அடங்கியிருக்கிறது. தானியேல் என்றால் ‘இறைவன் என் நீதிபதி’. அனனியா என்றால் ‘யாவே அருள்கூர்ந்தார்’. அசரியா என்றால் ‘யாவே உதவினார்’. மிசாவேல் என்பதோ ‘இறைவனுக்கு நிகர் யார்?’ என்னும் வினா. வாழ்வு மாறும்போது பெயரும் மாறியது. ஆபிராம் ஆபிரகாம் ஆனார். யாக்கோபு இஸ்ரயேல் ஆனார். கணவனையும் இரு புதல்வரையும் பறிகொடுத்து ஊர் திரும்பிய நகோமி, ‘இனியவள்’ எனப் பொருள்படும் தன் பெயரால் இனி அழைக்க வேண்டாம் என்றும், ‘கசப்பு’ எனப் பொருள்படும் மாரா என்றே அழைக்குமாறும் ஊராரிடம் கூறியதாக ரூத்து நூல் சொல்கிறது.

பாபிலோனிய மன்னன் நெபுகத்னேசரின் அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நான்கு யூத இளைஞர்களுக்கு முதலில் செய்யப்பட்டது பெயர் மாற்றமே. தானியேல் பெல்தசாச்சர் ஆனார். மற்ற மூவரும் சாத்ராக்கு, மேசாக்கு, ஆபேத்நெகோ ஆயினர். ஆபேத்நெகோ என்பது ‘நேபோ தெய்வத்தின் அடிமை’ என்பதன் திரிபு என அறிஞர் கருதுவர். இறைவனின் பெயரைத் தாங்கிய இளைஞன் மீது அந்நிய தெய்வத்தின் பெயர் சுமத்தப்பட்டது. ஆயினும் இதற்கு அவர்கள் மறுப்புத் தெரிவித்ததாக நூல் கூறவில்லை. மன்னனின் உணவும் திராட்சை இரசமும் முன்வைக்கப்பட்டபோதுதான் தானியேல் மறுத்தார். பத்து நாட்கள் மரக்கறியும் தண்ணீரும் தந்து சோதித்துப் பார்க்குமாறு கேட்டார். பத்தாம் நாள் முடிவில் அவர்களே மற்றவர்களை விடத் தோற்றப் பொலிவோடு காணப்பட்டனர் என்கிறது கதை.

பெயரை ஏற்றவர்கள் உணவை ஏன் மறுத்தனர்? தானியேல் நூல் இன்றைய வடிவைப் பெற்றது கி.மு. 165 அளவில் என்பது பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. கி.மு. 175 இல் ஆட்சிக்கு வந்த நான்காம் அந்தியோக்கசு மன்னனின் காலம் அது. பணம் கொடுத்துத் தலைமைக் குரு பதவியைப் பெற்ற ஒருவர், யோசுவா என்ற தம் பெயரை யாசோன் எனக் கிரேக்கமாக்கிக்கொண்டார். கி.மு. 167 இல் யூதச் சட்டமே தடைசெய்யப்பட்டது. பன்றி இறைச்சியை உண்ண மறுத்து, தொண்ணூறு வயது எலயாசர் உயிர்விட்டதாக மக்கபேயர் நூல் கூறுகிறது. அந்த மன்னனை எதிர்த்துப் போராடியவர்களின் வழிவந்த அரசர்களே பின்னர் அலெக்சாந்தர், அரிஸ்தோபூலு எனக் கிரேக்கப் பெயர்களைச் சூடினர் என்பது குறிப்பிடத்தக்கது. பெயரில் விட்டுக்கொடுப்புக்கு இடமிருந்தது, உணவில் இருக்கவில்லை.

தானியேலின் உணவு நோய்க்கான பத்தியமன்று. இன்று சிலர் அதனை ‘தானியேல் நோன்பு’ என ஆரோக்கிய முறையாக்கியுள்ளனர், அவ்வளவே. நோயையும் உணவையும் தொடர்புபடுத்திய யூத மரபு வேறிடத்தில் இருக்கிறது. கி.மு. 180 அளவில் எருசலேமில் எழுதிய பென் சீரா, பெருந்தீனி நோயைத் தரும் என்றும் அளவறிந்து உண்பவன் ஆயுளை நீட்டிக்கொள்வான் என்றும் அறிவுறுத்தினார். வைத்தியனை மதிக்கவும் சொன்னார்.

தல்மூத் கூறும் இரப்பி சாதோக்கின் கதை இன்னும் நெருக்கமானது. சாதோக்கு என்றால் நீதிமான். எருசலேம் அழியக்கூடாதென்று நாற்பது ஆண்டுகள் நோன்பிருந்து மெலிந்தவர் அவர். உரோமர் நகரைச் சூழ்ந்திருந்தபோது, யோகனான் பென் சக்காய் உரோமத் தளபதி வெஸ்பாசியனிடம் கேட்டவற்றுள் ஒன்று இவரைக் குணப்படுத்த வைத்தியர் வேண்டும் என்பது. வைத்தியர்கள் முதல்நாள் தவிட்டு நீரையும், மறுநாள் தவிடு கலந்த மாவு நீரையும், அதற்கடுத்த நாள் மாவு நீரையும் கொடுத்து, அவரது வயிற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கினர். நெடும்பட்டினி கிடந்தவருக்குத் திடீரென உணவூட்டுவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை, இரண்டாம் உலகப் போரின் முடிவில் மருத்துவ உலகம் பல உயிர்களின் விலையில் கண்டது.

அதே தல்மூத், மனிதனின் தீய விதியைக் கிழிப்பவை நான்கு என்கிறது: ஈகை, மன்றாட்டு, பெயர் மாற்றம், நடத்தை மாற்றம். கடும் நோயாளிக்குப் புதுப் பெயரிடும் வழக்கம் இதிலிருந்து வளர்ந்தது. ‘வாழ்வு’ எனப் பொருள்படும் கயீம், ‘இறைவன் குணமாக்கினார்’ எனப் பொருள்படும் இரபாயேல் போன்ற பெயர்கள் சூட்டப்பட்டன. மருந்துகள் அருகியிருந்த காலத்தில், நோயுற்ற மகனைப் புதுப் பெயரால் அழைத்த தாயின் தவிப்பை நாம் எள்ளி நகையாட முடியாது.

ஆனால் பட்டியலின் நான்காவதையும் மறந்துவிடலாகாது. எகிப்தில் வைத்தியராகப் பணிபுரிந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் (1138 - 1204), ஆஸ்துமா நோயாளி ஒருவருக்காக எழுதிய நூலில் உணவு ஒழுக்கத்துக்குப் பேரிடம் அளித்தார். வயிறு நிறைய உண்ணாது, நிறைவுக்குக் காற்பங்கு குறைய நிறுத்த வேண்டும் என்பது தம் சட்டநூலில் அவர் விதித்த அளவு.

நம்மவர்களும் நோய்க்குப் பெயர் மாற்றுகிறோம். ‘கொஞ்சம் சீனி இருக்கிறது’ என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அடுத்த தேநீருக்குச் சீனி போடச் சொல்கிறோம். நானும் ஏழெட்டு ஆண்டுகள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது அதை நீரிழிவு என்றே சொல்கிறேன். இரவுச் சாப்பாட்டில் காற்பங்கைக் குறைக்கத் தொடங்கி இருபது நாட்களாகின்றன.