வட்டு அங்கேயேதான் இருந்தது

கணினி பழுதுபார்க்கும் கடைகளில் "டிரைவ் டிடெக்ட் ஆகலை" என்பது பழைய புகார், ஆனால் இன்னும் ஓயாத புகார். சொல்பவர் மனதில் இருப்பது ஒரே படம்தான்: உள்ளே ஏதோ செத்துவிட்டது. இயங்குதளம் ஒரு வட்டைக் காட்டவில்லை என்றால் அப்படி நினைப்பது இயல்பே. ஆனால் ஐபிஎம் தனிக்கணினிக்குள் ஹார்ட் டிஸ்க் நுழைந்த 1983 முதல் இன்றுவரை வட்டுகள் 'காணாமல்போன' கதைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், அந்த நினைப்புக்கு எதிரான சான்றுகளே அதிகம் தேறுகின்றன. தலைமுறைக்குத் தலைமுறை, காணாமல்போனதாகச் சொல்லப்பட்ட வட்டு பெட்டிக்குள் நலமாகச் சுழன்றுகொண்டிருந்தது. வட்டுக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நிற்கும் ஏதோ ஓர் அடுக்கு, என்றோ போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு பெரிய வட்டோ இப்படிப்பட்ட வட்டோ இருக்கவே முடியாது என்று தீர்மானித்திருந்தது. இந்தப் பழுதுபார்ப்பு வட்டைத் திருத்தும் வேலையாக இருந்ததைவிட, கணக்குத் தப்பிய அடுக்கைத் தேடும் வேலையாகவே பெரும்பாலும் இருந்திருக்கிறது.

1981இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஃப்ளாப்பிகளுக்கு ஏ, பி என்று இரண்டு எழுத்துகள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1983இல் பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் வட்டோடு வந்தபோது அதற்கு மிச்சமிருந்த எழுத்து சி. ஃப்ளாப்பி ஒழிந்த பிறகும் விண்டோஸ் சி-யில் தொடங்குவது அந்த ஆண்டின் எச்சம். எக்ஸ்டியுடன் வந்த டாஸ் 2.0 இயங்குதளம், ஒரு வட்டைப் பிரிவுகளாகப் பகுக்கும் அட்டவணையையும் கொண்டுவந்தது. வட்டின் முதல் செக்டரில் நான்கே வரிகள் கொண்ட சிறிய அட்டவணை அது. இன்னும் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு அதுவே வட்டுகளின் பத்திரமாக இருக்கும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

அடுத்த ஆண்டு வந்த ஐபிஎம் ஏடி, வட்டுகளைத் தொலைக்கப் புதிய வழி ஒன்றைத் திறந்துவிட்டது. அந்தக் கணினிக்கு வட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தெரியாது. எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட் என்ற விவரங்கள் பயாஸ் என்ற தொடக்க நிரலில் ஒரு பட்டியலாக இருந்தன. முதலில் 14 வகை, பின்வந்த பல பயாஸ்களில் 47 வரை. இந்த வட்டு எத்தனையாவது வகை என்ற எண்ணை மட்டும் பேட்டரியின் துணையில் இயங்கிய ஒரு சிறு நினைவகம் காத்துவந்தது. பேட்டரி தீர்ந்தால் எண் போய்விடும். எண் போனால் கணினிக்கு வட்டே இல்லை. சில ரூபாய் பேட்டரிக்காகப் பல ஆயிரம் ரூபாய் வட்டைச் சந்தேகிப்பது அன்று தொடங்கிய பழக்கம். விவரம் தெரிந்தவர்கள் அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைத்தார்கள். எளிய தந்திரம்தான், ஆனால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் கணித்த தந்திரம்.

டாஸ் தன் பங்குக்கு இன்னொரு சுவரை எழுப்பியிருந்தது. ஒரு பிரிவில் எத்தனை செக்டர்கள் உள்ளன என்பதை அது 16 பிட்களில் எழுதியது. செக்டருக்கு 512 பைட் என்றால் 32 மெகாபைட்டுடன் கணக்கு முடிந்துவிடும். வட்டில் 40 மெகாபைட் இருந்தாலும் ஒரே பிரிவாக டாஸ் அதை ஏற்காது. 1987இன் டாஸ் 3.3 வட்டைப் பல துண்டுகளாக்கித் தனித்தனி எழுத்து கொடுக்க வழிசெய்தது. அதே ஆண்டு காம்பேக் தன் டாஸ் பதிப்பில் எல்லையையே உடைத்தது. மறு ஆண்டு மைக்ரோசாஃப்டின் டாஸ் 4.0 வழியாக அது பொதுவழக்கமானது. எல்லை போன பிறகும், வட்டை சி, டி, இ என்று கூறுபோடும் பழக்கம் மட்டும் விட்டபாடில்லை.

இதுவரை சொன்னவை தனித்தனி அடுக்குகளின் குறைகள். இந்த வரலாற்றின் மிக விசித்திரமான சுவர், குறையே இல்லாத இரண்டு அடுக்குகள் சேர்ந்து எழுப்பியது. வட்டை அணுக பயாஸ் வைத்திருந்த ஏற்பாட்டில் சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட், செக்டருக்கு 6 பிட். அதை முழுதாகப் பயன்படுத்தினால் சுமார் 8.4 ஜிகாபைட் எட்டலாம். 1980களின் நடுவில் காம்பேக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் கொண்டுவந்த ஐடிஇ இணைப்பிலோ சிலிண்டருக்கு 16 பிட், ஹெட்டுக்கு 4 பிட், செக்டருக்கு 8 பிட். அது தனியாக எட்டக்கூடியது சுமார் 137 ஜிகாபைட். இரண்டுமே அன்றைக்கு ஏராளம். ஆனால் கட்டளை இரண்டின் வழியாகவும் போயாக வேண்டும். உயரமான ஒடுக்கமான வாசலும் அகலமான குட்டை வாசலும் அடுத்தடுத்து இருந்தால், உயரமும் அகலமும் குறைந்த பொருள்தான் இரண்டையும் தாண்டும். 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர்: பெருக்கினால் 528 மில்லியன் பைட், அதாவது 504 மெகாபைட். 1990களின் முற்பாதியில் இந்த அளவைத் தாண்டிய வட்டுகள் கடைகளுக்கு வந்தபோது, வாங்கியவர் கண்டது பாதி வட்டு, அல்லது வட்டே இல்லை. வட்டு செய்தவரிடமும் பிழையில்லை, பயாஸ் எழுதியவரிடமும் பிழையில்லை. பிழை இருந்த இடம் இருவருக்கும் நடுவில்.

இதைத் தாண்டக் கையாண்ட வழிகளைப் பார்த்தால், மருந்தே அடுத்த நோய்க்கு விதையானது தெரியும். பயாஸுக்குப் பொய்க் கணக்குக் காட்டும் மொழிபெயர்ப்பு ஒரு வழி. சிலிண்டரைப் பாதியாக்கி ஹெட்டை இரட்டித்தால் பெருக்குத்தொகை மாறாது, எல்லையும் இடிக்காது. ஆனால் இப்படி எழுதிய வட்டை வேறு விதமாக மொழிபெயர்க்கும் கணினியில் மாட்டினால், அதே தரவு குப்பையாகத் தெரியும். இன்னொரு வழி, ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்ற நிரல்கள் வட்டின் தொடக்கத்திலேயே குடியேறி, டாஸ் விழிப்பதற்கு முன் பயாஸின் இடத்தைப் பிடித்துக்கொள்வது. அந்த வட்டிலிருந்து கணினி தொடங்கும்வரை தொல்லை இல்லை. ஃப்ளாப்பியிலிருந்து நேரே தொடங்கிவிட்டால் மொழிபெயர்ப்பாளர் இல்லாத சபைபோல ஆகிவிடும். சி என்று ஒன்று இல்லவே இல்லை என்று டாஸ் கைவிரிக்கும். பின்னாளில் சில பயாஸ்கள் 33.8 ஜிகாபைட்டைத் தாண்டிய வட்டைக் கண்டதும் உறைந்து நின்றபோது, வட்டு தயாரிப்பாளர்கள் வட்டின் முதுகில் ஒரு ஜம்பரைச் செருக இடம் வைத்தார்கள். அதைச் செருகினால் வட்டு தன்னை 32 ஜிகாபைட் என்று அறிவித்துக்கொள்ளும். ஏற்றுக்கொள்ளப்படுவதற்காகத் தன் அளவையே குறைத்துச் சொல்லும் கருவி தொழில்நுட்ப வரலாற்றில் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம்.

இவ்வளவும் பொறியாளர்களின் குறுகிய பார்வையால் வந்த வினை என்று வாதிடலாம். அந்த வாதம் எனக்கு உவப்பானதல்ல. எக்ஸ்டியின் 10 மெகாபைட் வட்டில் இருந்தவை 306 சிலிண்டர்கள். அன்று 1024 வரை இடம்விட்டது மும்மடங்குக்கும் மேலான தாராளம். நினைவகம் விலை உயர்ந்திருந்த காலத்தில் ஒவ்வொரு பிட்டும் செலவு. குற்றம் சாட்டுவதாக இருந்தால் வேறொன்றைச் சாட்டலாம். எல்லையை முட்டியபோது எந்த அடுக்கும் தான்தான் முட்டினேன் என்று சொல்லவில்லை. சுவர்கள் தவிர்க்க முடியாதவையாக இருந்திருக்கலாம். அவற்றின் மௌனம் தவிர்க்கக்கூடியது. பயனருக்குக் கிடைத்ததெல்லாம் 'தவறான டிரைவ்' என்ற பொருளில் ஒரு வரி. தவறு டிரைவினுடையது என்ற எண்ணத்தை ஊன்றியதில் அந்த ஒரு வரிக்குப் பெரிய பங்கு உண்டு.

மறுப்பதைவிட மோசமானது ஒன்றும் உண்டு: தவறாக ஏற்றுக்கொள்வது. செக்டர்களை ஒன்று, இரண்டு என வரிசையாக எண்ணும் முறை வந்த பிறகு முகவரிக்கு 28 பிட் ஒதுக்கப்பட்டது. அதன் எல்லை 137 ஜிகாபைட். 2002இல் விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக் 48 பிட் முகவரியை இயல்பாகவே ஏற்கும்வரை, பெரிய வட்டைப் பழைய அமைப்பில் மாட்டியவர்கள் பலர் 137 மட்டும் தெரிகிறதே என்று குறைபட்டார்கள். உண்மையில் அவர்கள் தப்பித்தவர்கள். மேல் பிட்கள் உதிர்ந்துபோன முகவரியோடு எல்லைக்கு அப்பால் எழுதப் போன அமைப்புகளில், தரவு வட்டின் தொடக்கத்துக்குச் சுற்றிவந்து, அங்கே இருந்ததன் மேல் எழுதப்பட்டது. 3 டெராபைட் வட்டுகள் 2010இல் வந்தபோது அதே கதையின் சாதுவான வடிவம் அரங்கேறியது. 1983இன் பிரிவு அட்டவணை 32 பிட்களில் எண்ணியதால் 2.2 டெராபைட்டுக்கு மேல் அதற்குத் தெரியாது. பழைய அமைப்புகள் சிலவற்றில் புதிய வட்டு 746 ஜிகாபைட் என்று காட்டியது. எங்கிருந்து வந்த எண் இது என்று பலர் குழம்பினார்கள். முழு அளவிலிருந்து 32 பிட்டுக்குள் அடங்குவதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள், அதுதான்.

இன்டெல்லின் ஈஎஃப்ஐ முயற்சியிலிருந்து பிறந்த ஜிபிடி என்ற புதிய அட்டவணை இந்த எல்லையை நீக்கியது. அதை வடிவமைத்தவர்கள் முந்தைய இருபது ஆண்டுகளிலிருந்து பாடம் கற்றிருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று உண்டு. புதிய அட்டவணையைப் புரிந்துகொள்ளாத பழைய நிரல், வட்டு காலியாக இருக்கிறது என்று நினைத்து அதன்மேல் எழுதிவிடக்கூடும். அதைத் தடுக்க, பழைய அட்டவணை இருக்கும் அதே முதல் செக்டரில் ஒரு போலிப் பதிவை வைத்தார்கள். இங்கே தெரியாத வகைப் பிரிவு ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, தொடாதே என்பது அதன் பொருள். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியில் அத்தகைய வட்டைச் செருகியவர்கள் 'ஜிபிடி பாதுகாப்புப் பிரிவு' என்ற விளக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே போகவும் முடியாமல் அழிக்கவும் முடியாமல் எரிச்சலடைந்தார்கள். அந்த எரிச்சல் திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவைப்பதற்கு ஒரு செக்டரைச் செலவிட்டது, என் கணிப்பில், இந்த வரலாற்றின் மிக நேர்மையான முடிவு.

அந்த நேர்மை மேலடுக்குகளுக்கு எட்டவில்லை. மேக்கிலோ லினக்ஸிலோ பயன்படுத்திய வட்டை விண்டோஸில் செருகினால், அதன் கோப்பு அமைப்பைப் படிக்கத் தெரியாத விண்டோஸ், 'இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று கேட்டது. வேற்று மொழிப் புத்தகத்தைக் கையில் வாங்கியவர், எழுத்து புரியவில்லை, பக்கங்களை வெள்ளையடித்துவிடலாமா என்று கேட்பதுபோலத்தான் இது. எக்ஸ்பி காலத்து அலுவலகங்களில் இன்னொரு வேடிக்கை. பென் டிரைவுக்கு அடுத்த எழுத்தைக் கணினி ஒதுக்கும். அதே எழுத்தை அந்தப் பயனரின் நெட்வொர்க் டிரைவ் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும். பென் டிரைவ் கண்ணில் படாது. எழுத்தை மாற்றிக்கொடுத்தால் தீர்ந்தது. இதை அறியாமல் தூக்கியெறியப்பட்ட பென் டிரைவ்களுக்குக் கணக்கில்லை. தேர்ந்த பழுதுபார்ப்பவர் முதலில் கேட்கும் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது: யாருக்குத் தெரிகிறது? பயாஸுக்குத் தெரிந்து விண்டோஸுக்குத் தெரியாவிட்டால் ஒரு வழி, டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரிந்து எக்ஸ்ப்ளோரரில் தெரியாவிட்டால் வேறு வழி. பயாஸுக்கே தெரியாதபோதுதான் கேபிளையும் மின்சாரத்தையும் வட்டையும் சந்தேகிக்க வேண்டும், அதுவும் அந்த வரிசையில்.

வட்டுகள் உண்மையிலேயே சாவதில்லையா என்று கேட்கலாம். சாகின்றன. 2000இல் ஐபிஎம் வெளியிட்ட டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி வரிசை வட்டுகள் ஏராளமாகப் பழுதாகி, விவகாரம் நீதிமன்றம்வரை போனது. ஆனால் அப்படிப்பட்ட சாவு பெரும்பாலும் சத்தம் போட்டே வரும்: டிக் டிக் ஒலி, இழுத்துக்கொண்டு நிற்கும் கோப்புகள், படிக்க முடியாத செக்டர்கள். ஓசையின்றி மறைந்தவை வேறு வகை. 2008 இறுதியில் சீகேட்டின் 7200.11 வரிசை வட்டுகள் பல, ஒரு நாள் காலை கணினியை முடுக்கியதும் பயாஸிலிருந்தே மறைந்தன. என் வாதத்துக்கு இது நேர் எதிரான சான்றுபோலத் தோன்றும். ஆராய்ந்தபோது தகடும் ஹெட்டும் நன்றாகவே இருந்தன. வட்டுக்குள் இருக்கும் மென்பொருள், தன் நிகழ்வுக் குறிப்பேட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தடுக்கி விழுந்து, கேட்டவர்க்கெல்லாம் 'வேலையாக இருக்கிறேன்' என்ற பதிலையே தந்துகொண்டிருந்தது. மின்சுற்றுப் பலகையின் சீரியல் முனைகளில் கம்பி பொருத்திச் சில கட்டளைகள் தந்ததும் பலரின் தரவு அப்படியே திரும்பியது. எஸ்எஸ்டி விஷயத்தில் என் வாதம் சற்றுத் தளர்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது முன்னறிவிப்பின்றி மறையும். மறைந்தால் மீட்பது கடினம். ஆனால் அங்கும் பல நேரங்களில் தொலைவது சில்லுகளில் உள்ள தரவல்ல, எந்தத் தரவு எந்தச் சில்லில் என்று கன்ட்ரோலர் வைத்திருக்கும் அட்டவணை.

நடுவில் நிற்கும் அடுக்கு வட்டை மறைக்கும் கதை இன்னும் ஓயவில்லை. வட்டு இணைப்புக்காக 2016இல் வந்த சாட்டா 3.3 விதிமுறை, மின் இணைப்பின் மூன்றாவது ஊசியில் மின்னழுத்தம் வந்தால் வட்டு உறங்கிவிட வேண்டும் என்றது. தொலைவிலிருந்தே வட்டுகளை அணைத்து ஏற்றத் தரவு மையங்களுக்கு இது வசதி. பழைய பவர் சப்ளைகளிலோ அந்த ஊசியில் 3.3 வோல்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. வெளிப்புற யூஎஸ்பி பெட்டிகளைப் பிரித்து உள்ளிருந்த புதிய வட்டைக் கணினியில் மாட்டியவர்கள் சிலருக்கு அது சுழலவே இல்லை. ஊசிமேல் சிறு காப்பு நாடா ஒட்டியதும் சுழன்றது. அதற்கும் முன்பு, எக்ஸ்பி நிறுவும்போது சாட்டா கன்ட்ரோலருக்கான டிரைவர் இல்லாமல் 'ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை' என்று நிறுவி நின்றதும், எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியிலிருந்து டிரைவரை ஏற்றியதும் பலருக்கு நினைவிருக்கலாம். ஃப்ளாப்பி டிரைவே இல்லாத மடிக்கணினிகளிலும் அது ஃப்ளாப்பியைத்தான் கேட்டது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலிகளோடு வந்த மடிக்கணினிகள் பலவற்றில், விஎம்டி என்ற ஏற்பாடு எஸ்எஸ்டிக்கு முன்னால் நிற்கிறது. விண்டோஸ் 10 நிறுவியைப் பென் டிரைவிலிருந்து ஓட்டினால் டிரைவ் பட்டியல் வெறுமையாக விரிகிறது. கீழே 'டிரைவரை ஏற்று' என்ற பொத்தான். அதை அழுத்தி அதே பென் டிரைவில் இருக்கும் ஒரு கோப்புறையைக் காட்டியதும் எஸ்எஸ்டி பட்டியலில் வந்து நிற்கிறது.