சீட்டு, சிட்டி, குறி

எங்க மாவட்டத்துல ஒரே காரியத்துக்கு ரெண்டு பேரு உண்டு. நாகர்கோவிலுக்குக் கிழக்க, தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் பெரும்பாலும் 'சீட்டு' என்பாங்க. மேற்க, மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் போனா 'சிட்டி'. பத்து இருபது பேர் சேர்ந்து மாசாமாசம் ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டு, சேர்ந்த பணத்தை முறைவச்சு ஒவ்வொருத்தரா எடுத்துக்கிடுறதுதான் ரெண்டும். இன்னும் வடக்க திருச்சூர் வரை போனா அதே காரியம் 'குறி' ஆயிரும்.

யோசிச்சுப் பாருங்க. இது முழுக்க முழுக்கப் பணக் காரியம். ஆனா இந்த மூணு சொல்லுல ஒண்ணுலகூட பணம்ங்கிற அர்த்தம் கிடையாது. அது ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. இப்ப சொல்ல ஒரு காரணமும் இருக்கு, கடைசியில வாறேன்.

பேரு வித்தியாசம் வாய்ப்பேச்சோட நிக்கல்ல, சட்டத்துலயே ஏறியிருக்கு. கொச்சி ராஜ்யத்துல கொல்லம் 1107-ல (1931–32) வந்தது 'கொச்சி குறிகள் சட்டம்'. திருவிதாங்கூர்ல கொல்லம் 1120-ல (1944–45) வந்தது 'திருவிதாங்கூர் சிட்டிகள் சட்டம்'. சென்னை ராஜ்யத்துல 1961-ல வந்தது 'சிட் பண்டு' சட்டம், தமிழில சீட்டு நிதிச் சட்டம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. ராஜ்யம் மாறுனதுல சட்டத்துப் பேரும் சிட்டியில இருந்து சீட்டுக்கு மாறுச்சு. ஆனா மேற்க உள்ள ஆளுங்க வாயில சிட்டி இன்னைக்கும் சிட்டிதான்.

சரி, சீட்டுன்னா என்ன? துண்டு ஓலை, துண்டுக் காகிதம், அதுல உள்ள எழுத்து. மருந்துச்சீட்டு, பயணச்சீட்டு, சீட்டுக்கட்டு எல்லாத்துலயும் அந்த அர்த்தந்தான். புலவருங்க வள்ளலுக்குப் பாட்டாவே எழுதி அனுப்புன கடுதாசிக்கு சீட்டுக்கவின்னு பேரு. ஒருத்தனை வேலையில இருந்து நிறுத்திட்டா 'சீட்டைக் கிழிச்சாச்சு'ங்கோம். வடக்க இந்தியிலயும் 'சிட்டி'ன்னா கடுதாசி. வெள்ளைக்காரன் இங்க வந்து அதைக் கேட்டுத்தான் துண்டுக் காகிதத்துக்கு 'சிட்'னு சொல்லப் படிச்சான்.

1886-ல 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்'னு ஒரு அகராதி வந்துச்சு. இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரங்க நம்ம சொல்லுகளை எடுத்துப் பேசுனதுக்கெல்லாம் அதுல விளக்கம் உண்டு. எழுதுனது யூல், பர்னெல்னு ரெண்டு பேர். பர்னெல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர். இந்தச் 'சிட்டி'க்கும் அதுல விளக்கம் உண்டு. அதை சமஸ்கிருத 'சித்ர'வுல கொண்டுபோய்ச் சேர்க்கிறவங்க உண்டு. அடையாளம் இட்டதுன்னு அர்த்தம். நம்ம ஊர்ல இருந்து போன அந்தச் 'சிட்' பிறகு இங்கிலீஷ் உடுப்பு மாட்டிக்கிட்டு 'சிட் பண்டு'ன்னு திரும்பி வந்துச்சு. பட்டணம் போன பய பேண்ட் போட்டுட்டு வந்தா சொந்தத் தெருக்காரனே அடையாளம் தெரியாம நிப்பானே, அது மாதிரி.

குறிங்கிறதுக்கு அகராதியே வேண்டாம். ஆட்டுக் காதுல போடுற குறி, வரப்புல நாட்டுற எல்லைக்குறி. அதுவும் அடையாளந்தான். ஆக மூணு பேருமே ஒரே இடத்துல வந்து நிக்குது. அடையாளம் போட்ட ஒரு துண்டு.

பணத்தைச் சேர்த்துட்டு எதுக்குத் துண்டோட பேரை வைக்கணும்? பணத்தைச் சேர்க்கிறது கஷ்டமே இல்ல. முதல்ல யாருக்குங்கிறதுலதான் அடிபிடி வரும். அதைத் தீர்த்து வச்சது அந்தத் துண்டு. எல்லார் பேரையும் எழுதி, சுருட்டி, குலுக்கி, ஒண்ணை எடு. யார் பேரு வருதோ அவருக்கு. குலுக்கல் சீட்டு இன்னைக்கும் இப்படித்தான் நடக்கு.

இந்த வழி நமக்குப் பழசு. பங்காளிங்க பாகம் பிரிக்கையில எந்தப் பங்கு யாருக்குன்னு வழக்கு வந்தா, எழுதி சாமி முன்னால போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லுவாங்க. திருவுளச்சீட்டு. சாமியே சொன்ன மாதிரி, யாரும் பிறகு வாய் திறக்கப்படாது.

இதை விடப் பழசு உத்திரமேரூர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல. முதலாம் பராந்தக சோழன் காலத்துல 919-லயும் 921-லயும் வெட்டுன ரெண்டு கல்வெட்டு அங்க இருக்கு. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்க, பேரை ஓலையில எழுதி, குடத்துல போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கு. குடவோலைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அது பிராமணர் ஊர்ச் சபை, நிலமும் படிப்பும் உள்ளவங்களுக்குத்தான் அதுல இடம். எல்லாருக்குமான ஓட்டுன்னு நினைச்சிரக் கூடாது. ஆனா அதுல உள்ள ஒரு விதியை நான் விடவே மாட்டேன். முன்னால வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் பேரு குடத்துக்குள்ள போகக் கூடாது. அவன் மட்டுமில்ல, அவனோட நெருங்குன சொந்தக்காரங்க பேரும் போகக் கூடாது. ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னாலயே குலுக்குறதையும் கணக்கையும் ஒண்ணாச் சேர்த்து வச்சிருக்காங்க பாருங்க.

குலுக்கலுக்குப் பிறகு ஏலச்சீட்டு. ஏலங்கிற சொல்லு போர்ச்சுக்கீசுக்காரன் கொண்டு வந்தது, அவங்க பாஷையில 'லெய்லாவ்'. மலையாளத்துல அந்த முதல் எழுத்து விழாம 'லேலம்'னே நிக்கு. தமிழ்ல அது விழுந்து ஏலம் ஆயாச்சு. துண்டு நம்முடையது, கூவுறது கப்பல்ல வந்தது.

தெரியாத சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு கணக்கு. 20 பேர், மாசம் 1,000 ரூபாய், 20 மாசம். ஒரு மாசம் சேருறது 20,000. ஒருத்தருக்கு அவசரம், 4,000 தள்ளி 16,000-க்கு எடுக்காருன்னு வைங்க. அந்த 4,000-ல நடத்துறவர் கமிஷன் நூத்துக்கு அஞ்சுன்னா 1,000 போகும். மிச்சம் 3,000-ஐ இருபது பேருக்கும் பிரிச்சா ஆளுக்கு 150. அந்த மாசம் எல்லாரும் 850 கட்டினாப் போதும். அவசரக்காரனுக்குக் கடன், காத்திருக்கிறவனுக்கு வட்டி. பாங்குக்காரன் சம்சாரியை வாசல்ல நிக்க வச்ச காலத்துல இதுதான் எங்களுக்குப் பாங்கு. எங்க அப்பா காலத்துல ரூபாய்க்குப் பதிலா நெல்லாவே அளந்து போடுற சீட்டும் உண்டு. கன்னிப்பூ அறுப்புக்கு ஒரு தவணை, கும்பப்பூ அறுப்புக்கு ஒரு தவணை.

இந்தச் சொல்லு கடலும் தாண்டிப் போச்சு. இலங்கையில சிங்களவங்களும் 'சீட்டு'ன்னே சொல்லுதாங்க. மலேசியாவுல 1971-ல 'கூட்டு நிதி' தடைச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அதுல தடை பண்ணுன காரியத்துக்கு ஜனங்க சொல்லுற பேரையெல்லாம் வரிசையா எழுதும்போது கூட்டு, சீட்டு ரெண்டையும் எழுதியிருக்கு. சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு நம்ம ஆளுங்க தோட்டத்துலயும் பட்டணத்துலயும் சீட்டு நடத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

இப்ப காரணத்துக்கு வாறேன். கும்பப்பூ அறுப்பு முடிஞ்ச கையோட எங்க ஊருக்கு ஒருத்தர் வந்து போயிட்டிருக்காரு. மாசம் இவ்வளவு கட்டுங்க, வருசம் முடிய இத்தனை மடங்கு தாறேங்காரு. எங்க மயினி வாழைக்குலை வித்த பணத்தை மக கல்யாணத்துக்குன்னு வச்சிருக்காவ. அதை அங்க கொண்டு போடலாமான்னு கேட்டாவ. "புத்தகம் தாறாரா மயினி?"ன்னு கேட்டேன். "எழுத்து ஒண்ணும் வேண்டாமாம் தம்பி, எல்லாம் நம்பிக்கையாம்"னாவ.

நான் சொன்னது இதுதான். எழுத்து இல்லைன்னா அது சீட்டே இல்ல. பேருலயே எழுத்துதான் இருக்கு. குலுக்கலோ ஏலமோ ஆளுங்க முன்னால நடக்கணும், யார் எடுத்தாங்கன்னு எழுதணும், போட்ட ஒவ்வொருத்தர் கையிலயும் புத்தகம் இருக்கணும். மாசாமாசம் ஒருத்தர் எடுக்காம எல்லாப் பணமும் ஒரே ஆள் கையில போய் உக்காந்தா அதுக்கு வேற பேரு. அதுமாதிரி மடங்கு ஆசை காட்டுறதைத் தடுக்க 1978-லயே பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டம் தடைச் சட்டம் வந்தாச்சு.

ஒழுங்கான சீட்டுக்கு 1982-ல வந்த மத்திய சட்டம் இருக்கு. முன்கூட்டி அனுமதி வாங்கிப் பதிவு பண்ணணும். நடத்துறவர் சீட்டுத் தொகைக்கு ஈடா டெபாசிட் கட்டணும். எடுக்கும்போது சீட்டுல உள்ளவங்க குறைஞ்சது ரெண்டு பேர் இருக்கணும். கமிஷன் நூத்துக்கு 5 இருந்தது, 2019-ல 7 வரைக்கும் எடுக்கலாம்னு மாத்துனாங்க. தெருவுக்குள்ள நாம போடுற சீட்டு பலதும் பதிவு இல்லாமத்தான் நடக்குங்கிறது எனக்கும் தெரியும். அதுலயும் நோட்டுப் புத்தகத்துல எழுதி எல்லாரும் பார்க்கிற மாதிரி வச்சிருக்கிற சீட்டு தப்பி நிக்கு. எங்க அத்தை முன்ன ஒரு ஆளை நம்பி, புத்தகம் இல்லாம ரெண்டு வருசம் கட்டுனா. அந்த ஆள் ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டுப் போயிட்டான். போலீசுக்குப் போகலாம்னா காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மக கல்யாணம் ஒன்றரை வருசம் தள்ளிப் போச்சு, காதுல கிடந்த கம்மலும் போச்சு.

மயினி இன்னும் சரின்னும் சொல்லல்ல, வேண்டாம்னும் சொல்லல்ல. பக்கத்து வீட்டுல நாலு பேர் சேர்ந்தாச்சாம், அதான் ஆசை விடமாட்டேங்கு. உங்க ஊர்லயும் இதுமாதிரி ஆள் வந்தா, அவர் பதிவு எண்ணைக் கேளுங்க. தந்தா அதைக் கொண்டு பதிவாபீஸ்ல ஒரு நடை விசாரிச்சிருங்க. தரல்லைன்னா ஒரு காப்பியைக் குடுத்து அனுப்பி வச்சிருங்க, பணத்தைக் குடுக்காதீங்க.